நிறத்துக்கு கேரண்டி கிடையாது

ஜுலைஹா பீவியைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! அபுதாபிப் பக்கம் இந்த அல் ஐனில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை கடைக்காரர்களிலும் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். அதனால் அந்தப் பேச்சே இல்லாமல் அவள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பானுமதி. அருப்புக்கோட்டைக்காரி. இங்கே லேடீஸ் டெய்லர் கடையில் துணி வெட்டுகிற வேலை. எங்கள் கடைக்கும் ஜுலைஹாக்காவின் வளர்ப்பு மீன் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் மீன் தொட்டிகளின் காற்று மோட்டார் ஓடுவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும், இந்தப் பக்கம் நான் எங்கள் சூப்பர்வைசரைத் திட்டுவது அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அவளும் அவள் புருஷன் சாதிக் பாட்ஷாவும் காயல்பட்டினத்துக்காரர்கள். கடை லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து வேலைப் பங்கீடு ஒன்றுதான். சாதிக் பாய் பிக்கப் வண்டியில் குழாயும் வாளியும் ஏற்றிக்கொண்டு வில்லா வில்லாவாகப் போய் மீன் தொட்டி கழுவுவார். அக்கா கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து விற்பாள். சாதிக் பாய் தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து வாய் அக்காவிடம் இருந்தது.

அவள் விற்கிற அழகே தனி. ஒருமுறை ஒரு ஆள் வந்து ஆண் ஃபைட்டர் மீன் ஒரு ஜோடி கேட்டான். ஃபைட்டர் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற மீன்தான், ஆனால் ரெண்டு ஆணை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும். அதனால்தான் கடைகளில் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாடியில் வைத்திருப்பார்கள். "ரெண்டையும் ஒண்ணா விட்டு வீடியோ எடுக்கணும்" என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பையில் கட்டிக் கொடுத்த மீனை அவன் கையிலிருந்து அப்படியே பிடுங்கிக்கொண்டாள் அக்கா. "கலாஸ். வியாபாரம் முடிஞ்சுது. யல்லா, கிளம்புங்க." அவன் என்னென்னவோ கத்தினான். அவள் அடுத்த ஆளுக்குத் தீனி டப்பா எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

வெயில் காலத்தில் இந்த ஊரில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும், மாடித் தொட்டி வெயிலில் வெந்து கிடக்கும் அல்லவா? ஹீட்டரை அணைத்துப் போட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கிற தண்ணீரைத்தான் நாங்கள் எல்லோரும் குளிக்க எடுப்போம். அக்கா வீட்டில் அதுவும் மீனுக்குப் போய்விடும். சாதிக் பாய் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு முகம் சிவந்து வருவார். கேட்டால், "ஃபைட்டருக்குத் தண்ணி மாத்துற நாள் இன்னைக்கு" என்பார். அவ்வளவுதான் அவருடைய புகார்.

போன வருஷம் அவள் வலது கை விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பொட்டு பரவி விரலாயிற்று, விரல் கையாயிற்று, அப்புறம் உதட்டோரத்தில் ஒன்று. கிளினிக்கில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, பரவினாலும் பரவும், நின்றாலும் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு நான்தான் அழுதேன்.

"ஏளா, எனக்கு வந்ததுக்கு நீ ஏன் அழுவுற? கண்ணத் தொடச்சுக்க. டீ ஆறுது" என்றாள் அக்கா.

சரி, இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஹபீப் முகம்மது வந்து இறங்கினார்.

அவர் சாதிக் பாயின் அண்ணன். ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் ஆயுசில் பாதியைத் துணி வியாபாரத்தில் கழித்தவர். அங்கே கடையை மூடும்படி ஆனதும், தம்பி கடையில் பங்கு போட்டு இங்கே வந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கே வாய் வராது. தேனாகப் பேசுவார். எனக்கு டீ வாங்கிக் கொடுக்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் வந்த வாரத்திலேயே கல்லா நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஜுலைஹா, தப்பா எடுத்துக்காத" என்று ஆரம்பித்தார். நான் அப்போது கடை வாசலில்தான் இருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். "ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். சாதிக்குக்குத் தெரியும். கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியுமா? இந்தக் கையால மீனைப் பிடிச்சுக் கொடுத்தா முகம் சுளிக்க மாட்டாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் சுளிக்கலையே காக்கா" என்றாள் அக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சுளிச்சதுக்கப்புறம் என்ன செய்ய? அதை விடு. ஃபஸ்னாவுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசு. நம்மூர்க்காரங்க இங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. எவனாவது ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டா? தாய்க்கு இருக்குன்னா மகளுக்கும் வரும்னுதானே பேசுவாங்க? நீ பின்னாடி ரூம்ல இருந்து குஞ்சு வளர்ப்பைப் பாத்துக்க. முன்னாடி வரவேண்டிய அவசரம்னா கிளவுஸும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு வா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஃபஸ்னா அவர்களுடைய ஒரே மகள், ஊரில் காலேஜில் படிக்கிறாள். அவள் பெயரை இழுத்ததும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. சாதிக் பாய் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளியில் என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை, அவ்வளவு நேரம் பார்த்தார்.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு பின் அறைக்குப் போனாள். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் ஜாடிகள், நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. அவள் துடைத்துத் துடைத்து வைத்த நாற்காலி முன்னால், அவள் பின்னால். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு நான் வெட்டிய துணியெல்லாம் கோணல்.

"நீங்க ஏன்க்கா வாய மூடிக்கிட்டு வந்தீங்க? அவரு யாரு உங்கள எந்திரிக்கச் சொல்ல?" என்று சண்டைக்கே போனேன்.

"எனக்குன்னா கேட்டிருப்பேன், பானு. பிள்ளைக்குன்னு சொல்றப்ப நாக்கு எழும்ப மாட்டேங்குது" என்றாள். கிளவுஸ் போட்ட கையால் ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அந்தப் பின் அறையில்தான் அந்தக் குஞ்சு பிறந்தது.

நல்ல நீல ஃபைட்டர் ஜோடி ஒன்றிலிருந்து ஒரு ஈடு குஞ்சு எடுத்திருந்தாள். எல்லாம் வளர்ந்து நீலம் ஏறியது. ஒன்று மட்டும் ஏறின நீலத்தை இழக்கத் தொடங்கியது. தாடையில் ஒரு வெள்ளை, அப்புறம் வயிற்றில், அப்புறம் செதிலில். மீன் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நிறம் பிசகிய குஞ்சை வைத்துக்கொள்ள மாட்டார்கள், தீனி தண்டம். எடுத்துக் கடை முகப்பில் இருக்கிற பெரிய மீனுக்கு இரையாகப் போட்டுவிடுவார்கள். சாதிக் பாயும் வலையை எடுத்துக்கொண்டு அதற்குத்தான் வந்தார்.

"சீக்குக் குஞ்சு. விலை போகாது. எடுத்திரட்டுமா?"

"எது சீக்கு?" அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். "திங்குது. நீந்துது. விரலைக் காட்டினா செவுளை விரிச்சு எங்கிட்டயே சண்டைக்கு வருது. இதுல சீக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

சாதிக் பாய் வலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் எந்த மீனைப் பற்றிப் பேசினாள் என்று அவருக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டால் அவர் மனுஷனே இல்லை.

அந்தக் குஞ்சு பெரியதாகி, ஒரு சிவப்புப் பெட்டையோடு சேர்ந்து, அதன் வம்சம் வந்தபோது பார்க்கவேண்டுமே! வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு, நடுநடுவே கறுப்பு மை தெறித்த மாதிரி. ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. தாய்லாந்திலிருந்து இப்படி மீன் வரும், "கோய் ஃபைட்டர்" என்று பெயர், நல்ல கிராக்கி. இங்கே எங்கள் ஜுலைஹாக்கா ஒரு ஜன்னலில்லாத அறையில் அதை உண்டாக்கி வைத்திருந்தாள். ஹபீப் பாய் பார்த்தார், கண் விரிந்தது, அன்றைக்கே ஜாடிகளெல்லாம் முன் அலமாரிக்குப் போயின, விளக்கு போட்டு.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டுத் திட்டான மீனை விளக்கு போட்டு முன்னால் வைப்பார்களாம், திட்டு வந்த மனுஷியைத் திரை போட்டுப் பின்னால் வைப்பார்களாம்!

ஆனால் அந்த மீனில் ஒரு சங்கதி இருந்தது. அதன் நிறம் நிற்காது. இன்றைக்கு வெள்ளையாக இருப்பது நாளடைவில் கறுக்கும், கறுத்தது வெளுக்கும், சிவப்பு இடம் மாறும். சாகிறவரை மாறிக்கொண்டே இருக்கும், அந்த ரகத்தின் பிறவி அப்படி. அக்கா முதல் நாளே சொன்னாள்.

"காக்கா, நிறம் மாறும்னு சொல்லி வில்லுங்க."

"அப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?"

அதோடு விட்டாரா? ஆயுசு பூராவும் துணி விற்ற நாக்கு. யாராவது ஜாடியைக் கையில் எடுத்தால் போதும், பத்தா கடைத்தெருவே அவர் வாயிலிருந்து வந்துவிடும். "நூறு பெர்சன்ட் கேரண்டி மேடம்! ஒரிஜினல் கலர்! சாயம் போகாது!" மீனுக்குச் சாயம் போகாது என்று கேரண்டி கொடுத்த மனுஷனை உலகத்தில் நான் இவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் எந்த மீனுக்கு!

வினை வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம், அக்காவின் சுரிதாரை ஆல்டர் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஹபீப் பாய் நாற்காலியில். அக்கா திரைக்குப் பின்னால். அப்போது உம்மு சைஃப் உள்ளே வந்தார். இந்த ஊர் அரபி அம்மா. எங்கள் கடையில்தான் துணி தைப்பார். ஒரு தையல் பிசகினாலும் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லுவார், அவ்வளவு கறார். கையில் ஒரு ஜாடி. அதைக் கல்லா மேல் டங்கென்று வைத்தார். அரபியில்தான் பேசினார், எனக்கும் துணி அளவெடுத்துப் பழகிய அரபி போதும், எல்லாம் புரிந்தது.

"இது நான் வாங்கிய மீனா?"

ஹபீப் பாய் எழுந்து நின்று பார்த்தார். ஜாடிக்குள் ஒரு மீன், கருநீலமாக, வால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. உம்மு சைஃப் தன் போனில் படத்தைக் காட்டினார். அதில் பால் வெள்ளை உடம்பு, நெற்றியில் சிவப்புப் பொட்டு.

"சாயம் பூசி விற்றிருக்கிறாய். சாயம் கரைந்துவிட்டது. போகாது என்று நீதானே சொன்னாய்? பலதியாவுக்குப் போன் செய்யப் போகிறேன்."

பலதியா என்றால் நகராட்சி. வந்தால் ஃபைன் போடும், கடையையே மூடவும் வைக்கும். ஹபீப் பாய்க்கு ஏசியிலும் வியர்த்தது. அப்புறம் அவர் தன் ரியாத் அரபியில் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"மேடம், மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் விக்கிறவன் மட்டும்தான். பின்னாடி ஒரு பொம்பளை வேலை செய்யுது. அதுதான் மீன் வளக்குது. அது ஏதாவது மருந்து, சாயம் ஊத்தியிருக்கும். அதை வேலையை விட்டு நிறுத்திடுறேன். வேற மீன் எடுத்துக்கோங்க."

ஒரு பொம்பளை! கூடப் பிறந்தவன் பெண்டாட்டி! நல்லவேளை, என் கத்தரிக்கோல் எங்கள் கடையில் இருந்தது.

திரை விலகியது. அக்கா வந்தாள். அவசரமே இல்லை. கல்லா அருகே வந்து மாஸ்க்கைக் கழற்றினாள். கிளவுஸை ஒவ்வொன்றாக உரித்து, ஹபீப் பாய் முன்னால் வைத்தாள். அப்புறம் தன் வலது கையை அந்த ஜாடியை ஒட்டி, உம்மு சைஃப் கண்ணுக்கு நேரே வைத்தாள். மணிக்கட்டு வரை வெள்ளை, அதன் நடுவே பழைய நிறம் தீவு தீவாக.

"இவர் சொன்ன பொம்பளை நான்தான்" என்று அரபியில் சொன்னாள். "வேலைக்காரி இல்லை. இது என் புருஷன் கடை, என் கடை. இந்த மீனை வளர்த்தது நான். இந்தக் கையைப் பாருங்கள். போன வருஷம் வரை ஒரே நிறம். இதற்கு யார் சாயம் பூசினார்கள்? யாரும் இல்லை. உள்ளேயிருந்து வந்தது. மீனுக்கும் உள்ளேயிருந்துதான் வருகிறது. இன்னும் மாறும். எப்படி மாறும் என்று எனக்கும் தெரியாது. மீன் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன். நான் சாயம் பூசினேன் என்று யார் சொன்னாலும் அது பொய்."

உம்மு சைஃப் கையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். இளகிவிடுகிற ஆள் இல்லை அவர்.

"மாறும் என்றால் விற்கும்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருக்க வேண்டும். நான் இந்த நாற்காலியில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்."

"ஏன்?"

அக்கா அந்தக் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

உம்மு சைஃப் திரும்பி ஹபீப் பாயைப் பார்த்தார். பிசகிய தையலைப் பார்க்கிற பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஹபீப் பாய் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பழைய நிறத்திலேயே எனக்கு வேண்டும்" என்றார் உம்மு சைஃப்.

"அது முடியாது. ஒரே நிறமாக வேண்டும் என்றால் முழுச் சிவப்பு இருக்கிறது, முழு நீலம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இதை என்னிடம் விட்டுவிடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்."

அக்கா ஜாடியில் கை வைத்தாள். உம்மு சைஃப் சட்டென்று ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் மீனை உன்னிடம் நான் ஏன் விட வேண்டும்?" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "மாறும் என்று எழுதி ஒட்டு. எல்லோரும் படிக்கிற மாதிரி பெரிதாக."

உம்மு சைஃபின் கார் கிளம்பிப் போனது. ஹபீப் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"கடைக்கு ஃபைன் வந்துரக் கூடாதேன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன், ஜுலைஹா. மனசுல வச்சுக்காத. ஆள் வர்ற நேரம், கிளவுஸைப் போட்டுக்க."

அக்கா தீனிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மார்க்கரால் அரபியில் எழுதிக்கொண்டிருந்தாள். நிறத்துக்கு கேரண்டி கிடையாது. எழுதி முடித்து அலமாரியில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு நேரே வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளவுஸை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"காக்கா, மீனுக்கு வந்தா ரகம், எனக்கு வந்தா சீக்கா? அதுக்கு லைட்டு, எனக்குத் திரையா?"

"அட, ஃபஸ்னாவை நினைச்சுப் பாரு..."

"நினைச்சுத்தான் இத்தனை மாசம் உள்ள கெடந்தேன். நம்மூர்ல பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போறதில்ல, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கார். வர்றவரு இந்தக் கையால போடுற சோத்தைத்தான் திங்கணும். திங்க முடியாதவரு வரவே வேண்டாம். போட்டோதானே? எவனும் திருட்டுத்தனமா எடுக்க வேண்டாம், கேட்டா நானே கையை நீட்டிக் காட்டுறேன்."

நான் கைதட்டிவிட்டேன். தட்டியிருக்கக் கூடாது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த நேரத்தில் சாதிக் பாய் வாளியும் குழாயுமாக உள்ளே வந்தார். நான் விடுவேனா? "பாய், உங்க அண்ணன் உங்க வீட்டம்மாவை 'பின்னாடி ஒரு பொம்பளை, சாயம் ஊத்திருச்சு, வேலையை விட்டு நிறுத்திடுறேன்'னு சொன்னாரு" என்று ஒரே மூச்சில் போட்டு உடைத்தேன்.

"சாதிக், நீயே சொல்லுப்பா" என்றார் ஹபீப் பாய். "ஆள் வர்ற நேரத்துல இப்படி வந்து உக்காந்திருக்கா."

சாதிக் பாய் அண்ணனைப் பார்த்தார். குப்பைக் கூடையில் கிடந்த கிளவுஸைப் பார்த்தார். இந்தத் தடவை வாளியைப் பார்க்கவில்லை, கீழே வைத்துவிட்டார்.

"அவ சேர்ல அவ உக்காந்திருக்கா காக்கா. இதுல நான் சொல்ல என்ன இருக்கு?"

ஹபீப் பாய் கடையைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி ஸ்டூல் இருக்கு, காக்கா" என்றாள் ஜுலைஹா பீவி, வாசலில் வந்து நின்ற ஆளுக்குத் தன் கையாலேயே ஒரு ஜாடியை எடுத்து நீட்டிக்கொண்டு. "இத்தனை மாசம் நான் உக்காந்தேன், ஒண்ணும் ஆகலை."